வமனத்துக்குப் போகிறவர்கள் கவனத்துக்கு

மலேசியாவில் பத்தாங் பெர்ஜுந்தை பக்கம் எஸ்டேட் கிளினிக்கில் 26 வருடம் டிரெஸ்ஸராக, அதாவது மருத்துவ உதவியாளராக, இருந்தவன் நான். (இப்போது ஊருக்குப் பெஸ்தாரி ஜெயா என்று பெயர். எஸ்டேட் குடியிருப்பான லயத்து ஆட்கள் வாயில் அது இன்னும் நுழையவில்லை.) வாந்தியை நிறுத்துவதுதான் என் பிழைப்பாக இருந்தது. அதனால், மூச்சிளைப்புக்காகக் கிள்ளானில் வமனம், அதாவது மருந்து கொடுத்து வாந்தி எடுக்க வைக்கும் ஆயுர்வேத சிகிச்சை, செய்துகொள்ளப் போவதாகத் தங்கச்சி சொன்னதும், "காசு கொடுத்து வாந்தி எடுக்கப் போறியா?" என்றேன். அப்புறம் நானே துணைக்குப் போனேன்.

முதலில் ஒன்று. உப்புத் தண்ணீரைக் குடித்துத் தொண்டையில் விரல் விடுவதற்குப் பெயர் வமனம் இல்லை. எங்கள் லயத்து அக்கா ஒருவர் கைப்பேசியில் எதையோ பார்த்துவிட்டு, ஒரு சொம்புத் தண்ணீரில் உப்பை அள்ளிக் கரைத்துக் குடித்தார். வாந்தி வரவில்லை. சோடியம் ஏறிப் பேச்சுக் குழறியபோதுதான் என்னைக் கூப்பிட்டார்கள். நேரே ஆஸ்பத்திரிக்குத்தான் ஏற்றிவிட்டேன். களைக்கொல்லியோ மண்ணெண்ணெயோ தவறிக் குடித்தவரையும் கக்க வைக்காதீர்கள். பாராகுவாட் என்ற களைக்கொல்லி போகும்போது சுட்ட தொண்டையை வரும்போது மறுபடி சுடும். மண்ணெண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடும். 999-ஐக் கூப்பிடுங்கள். வாந்திக்கென்றே இருந்த இபிகாக் சிரப்பைக்கூட வீட்டில் வைக்க வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அமைப்பு 2003-இல் சொல்லிவிட்டது.

சரி, வமனத்துக்கு வருவோம். ஆயுர்வேதத்தின் ஐந்து சுத்திகரிப்புச் சிகிச்சைகளான பஞ்சகர்மத்தில் முதலாவது இது, கபத்துக்கு உரியது. நம் சித்தர் தேரையரும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வமனம் என்றார். ஆனால் எல்லாருக்கும் ஆகாது. கர்ப்பிணி, குழந்தை, தளர்ந்த முதியவர், இருதய நோய், கட்டுப்படாத இரத்த அழுத்தம், வயிற்றுப் புண், குடலிறக்கம் இருப்பவர்கள் ஒதுங்கிக்கொள்ளுங்கள். சிறுநீரைக் கூட்டும் நீர் மாத்திரை சாப்பிடுகிறவர்களும்தான். பொட்டாசியம் ஏற்கனவே குறைந்திருக்கலாம், வாந்தியில் இன்னும் குறையும். வைத்தியர் பாரம்பரிய மருத்துவத்துக்கான 2016-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு செய்தவரா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். கடையில் வாங்கும் மருந்துப் புட்டியில் 'எம்.ஏ.எல்.' (MAL) என்ற பதிவு எண்ணும் கடைசியில் 'டி' (T) எழுத்தும் இருக்கிறதா பாருங்கள்.

வாந்தி ஒரு காலைப் பொழுதோடு முடிந்துவிடும். அதற்கு முன்னேற்பாடுதான் நீளம். விடிகாலையில் மருந்து நெய், முதல் நாள் 30 மில்லி, பிறகு நாளுக்கு நாள் கூடும். மூன்றிலிருந்து ஏழு நாள்வரை போகும். குடித்தபின் வெந்நீர் மட்டும். நெய் ஏப்பம் நின்று நல்ல பசி எடுத்த பிறகே சாப்பாடு. மைலோ ஐஸ் கூடவே கூடாது. நான்காம் நாள் நெய்க் கிண்ணத்தைப் பார்த்ததுமே தங்கச்சி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். போதும் என்பதற்கு அதுவும் ஓர் அறிகுறியாம். மறுநாள் எண்ணெய் தேய்த்து ஆவிக் குளியல். அன்று கபத்தைக் கிளப்பவென்றே தயிர்ச்சோறும் உளுந்து வடையும் கொடுப்பார்கள். அந்த ஒரு நாள் மட்டும் அவள் சந்தோஷமாக இருந்தாள்.

வமன நாள் காலையில் அழுத்தம் பார்த்து, முட்டிவரை உயரமுள்ள நாற்காலியில் உட்கார வைத்தார்கள். கழுத்துமுட்டப் பால். அப்புறம் மருக்காரைக் காய்ப்பொடி, வசம்பு, இந்துப்பு, தேன் குழைத்த மருந்து. கொஞ்ச நேரத்தில் நெற்றியில் முத்து முத்தாக வேர்வை, கையில் மயிர்க்கூச்சு, வயிறு உப்பல், வாயில் நீர். இந்த வரிசையை எதிர்பார்த்தே நிற்கிறார்கள். ஒரு பெண் நெற்றியைத் தாங்கிக்கொள்ள, இன்னொருத்தி முதுகைக் கீழிருந்து மேலாகத் தடவினாள். இடையிடையே அதிமதுரக் கஷாயம். எத்தனை முறை என்று காலண்டர்த் தாளின் பின்புறம் நான் கோடு போட்டேன். நான்கு குறைவு, ஆறு நடுத்தரம், எட்டு உயர்வு என்பது பழைய ஆயுர்வேத ஆசிரியர் சரகர் கணக்கு. ஆறாவதில் மஞ்சளாய்க் கசப்புப் பித்தம் வந்ததும் நிறுத்தினார்கள். இரத்தமோ நெஞ்சு வலியோ மயக்கமோ வந்தால் எத்தனையாவது என்று பார்க்காமல் நிறுத்தியாக வேண்டும். பலமாக ஓங்கரித்தால் உணவுக்குழாய் கிழியவும் கூடும். டிரிப் ஏற்ற வசதியில்லாத இடத்தில் நாற்காலியில் உட்காராதீர்கள்.

ஆராய்ச்சி? சோரியாசிஸ், இளைப்பு என்று பல ஆய்வுகள் வந்திருக்கின்றன. பெரும்பாலும் சிலபேரை வைத்துச் செய்தவை, ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு இல்லாதவை. பொய் மாத்திரை கொடுக்கலாம், பொய் வாந்திக்கு எங்கே போவது? தங்கச்சிக்கு இரண்டு மாதம் நெஞ்சு லேசாக இருந்தது. இன்ஹேலரை நிறுத்த நான் விடவில்லை, நீங்களும் விடாதீர்கள்.

பின்பத்தியத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். நடுத்தரம் என்றால் ஐந்து நாள்: தெளிந்த கஞ்சி, குழைந்த கஞ்சி, உப்பு எண்ணெய் இல்லாத பாசிப்பயற்று நீர், பிறகு தாளித்தது, கடைசியில் ஆட்டெலும்பு ரசம். ஆறாம் நாள் விடிந்ததும் பசார் முனையில் நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) வாங்கி வரச் சொன்னாள். காரச் சம்பல் இல்லாமல் வாங்கிப் போனேன். பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள்.