கிரானைட் தூசியும் மூட்டுவலியும்: கல் அறுப்பவர்கள் கவனிக்க வேண்டியவை

கல் தூசி நுரையீரலைக் கெடுக்கும் என்பது தெரிந்ததே. ஆனால் தோல் இறுகிப்போகும் ஸ்கிளீரோடெர்மா கல்தச்சர்களுக்கு வருவதை எடின்பரோ மருத்துவர் பைராம் பிராம்வெல் 1914-லேயே எழுதிவைத்தார். மூட்டுகள் வீங்கி வலிக்கும் முடக்குவாதம், தோல், மூட்டு, சிறுநீரகம் எனப் பல உறுப்புகளைத் தாக்கும் லூபஸ் இரண்டுக்கும் இதே தூசியோடு தொடர்பு உண்டு. கல் தூசியில் உள்ள சிலிக்கா என்ற கனிமத் துகளை விழுங்கும் நோய் எதிர்ப்பு உயிரணு அதைச் செரிக்க முடியாமல் செத்து, துகளைத் திரும்ப வெளியே விடுகிறது. அடுத்த உயிரணு அதை விழுங்குகிறது. இப்படி ஓயாமல் நீடிக்கும் அழற்சி, உடலைத் தன் மேலேயே திருப்பிவிடக்கூடும். பீடி, சிகரெட் பழக்கமும் சேர்ந்தால் முடக்குவாத அபாயம் இன்னும் ஏறும்.

முதலில் எந்தக் கல் என்று பாருங்கள். கிரானைட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சிலிக்கா. பிசின் சேர்த்துச் செய்யும் குவார்ட்ஸ் பலகையில் 90 சதவீதத்தையும் தாண்டலாம்; ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் அதைத் தடையே செய்துவிட்டது.

அறுக்கும்போது பிளேடு கல்லைத் தொடும் இடத்தில் நிமிடத்துக்கு அரை லிட்டராவது தண்ணீர் விடாமல் விழ வேண்டும். உதவியாள் பாட்டிலில் ஊற்றுவது போதாது: ஊற்று நிற்கும் நொடியில் தூசி கிளம்பும், அதை முதலில் சுவாசிப்பவரும் அவரே. தண்ணீர்க் குழாய் பொருத்திய கட்டரையே வாங்குங்கள். மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. சுவிட்ச் இல்லாத லைனில் அதை ஓட்ட வேண்டாம். உலர்வாகத் தேய்த்தே ஆக வேண்டுமென்றால், கிரைண்டர் சக்கரத்துக்கு மூடி போட்டு தூசி உறிஞ்சியை இணையுங்கள். 4 இன்ச் சக்கரத்துக்கு நிமிடத்துக்கு 100 கன அடி காற்றை இழுக்கும் உறிஞ்சி தேவை.

வீட்டுக்குள் அறுத்தால் தண்ணீரோடு என்95 முகக்கவசமும் வேண்டும். தாடி இருந்தால் ஓரத்தில் காற்று புகுந்துவிடும். துண்டு கட்டுவதால் பயனே இல்லை.

வேலை முடிந்ததும் சேற்றை ஈரமாகவே வழித்தெடுங்கள். காய விட்டால் அதுவே திரும்பத் தூசி. உலர்ந்த விளக்குமாறும் உடையில் காற்றடிப்பதும் கூடாது.

காலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் மூட்டு விறைப்பு, குளிரில் வெளுக்கும் விரல், நுரைத்த சிறுநீர் — இவற்றில் ஏதாவது இருந்தால் மூட்டு நோய் மருத்துவரிடம் எத்தனை ஆண்டு, என்ன கல், உலர்வாகவா ஈரமாகவா என்று நீங்களே சொல்லுங்கள். பெரும்பாலும் கேட்க மாட்டார்கள். மெஷின் அதிர்வாலும் விரல் வெளுக்கும் என்பதால், அதையும் சொன்னால்தான் உடல் தன்னையே தாக்குகிறதா என்று காட்ட உதவும் ஏ.என்.ஏ., ஆன்டி சி.சி.பி. ரத்தப் பரிசோதனை முடிவுகளை அவரால் சரியாகப் பொருத்திப் பார்க்க முடியும்.