கூரையை விட்டுவிட்டு ஏசிக்கு டன் கணக்குப் போடாதீர்கள்

புது வீட்டுக்கு நிலை வைத்த கையோடு "ஏசி பாயிண்ட் எங்கே வரும்?" என்று கேட்கிறார்கள். பாளையங்கோட்டை வட்டாரத்தில் புதிதாக வீடு கட்டிக் கொடுக்க இறங்கியிருக்கும் இளம் பொறியாளர்களும் யோசிக்காமல் சுவரில் பென்சிலால் குறி போட்டுவிடுகிறார்கள். எங்கள் வயதுக்காரர்கள் தொழிலுக்கு வந்த புதிதில் செய்த அதே வேலைதான். நாங்களாவது தெரியாமல் செய்தோம். இவர்கள் 'மின்சாரத்தை மிச்சப்படுத்தும் வீடு' என்று விளம்பரம் செய்துகொண்டு செய்கிறார்கள். ஐந்து நட்சத்திர ஏசி வாங்குங்கள், எல்இடி பல்பு போடுங்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

வெறும் கான்கிரீட்டுக்கு அடியில் ஏசி

நெல்லைப் பக்கம் பெரிய படுக்கையறை எங்கே வரும் என்று கேட்கவே வேண்டாம், கன்னி மூலைதான். மாடி எழுப்பினால் மாடியிலும் அதே தென்மேற்கு மூலை. வாஸ்துவோடு நான் சண்டைக்குப் போவதில்லை. போனாலும் ஜெயிக்க முடியாது. ஆனால் அந்த அறையின் நிலைமையைப் பாருங்கள். தலைக்கு மேலே நாள் முழுக்க வெயில், மேற்குச் சுவரில் பிற்பகல் வெயில். அக்கினி நட்சத்திர நாட்களில் வெறும் சிமெண்ட் தளத்தின் மேற்பரப்பு 60 டிகிரியைத் தொட்டுவிடும். ஐந்து அங்குல கான்கிரீட் அந்தச் சூட்டை உடனே கீழே விடாது. வாங்கி வைத்துக்கொண்டு, சில மணி நேரம் கழித்து, சரியாக நாம் பாய் விரிக்கும் நேரத்தில் இறக்கும். இரவு ஒன்பது மணிக்கு ஸ்டூல் போட்டு ஏறி உள்கூரையில் உள்ளங்கையை வைத்தால் காய்ச்சல்காரன் நெற்றிபோலச் சுடும்.

கணக்காகவே பார்ப்போம். 12க்கு 14 அடி அறையின் கூரைப் பரப்பு சுமார் 15.6 சதுர மீட்டர். மேலே 60 டிகிரி, உள்ளே 25 என்று வைத்துக்கொண்டால், வெப்பத்தைத் தடுக்கும் காப்பு எதுவும் இல்லாத தளத்தின் வழியாக இறங்கும் வெப்பம் தோராயமாக 2 கிலோவாட். ஒரு டன் ஏசி வெளியேற்றக்கூடியதே 3.5 கிலோவாட்தான். அதன் உழைப்பில் பாதிக்கு மேல் கூரையோடு மல்லுக்கட்டவே சரியாகப் போகிறது. 2018-ல் மத்திய அரசு வெளியிட்ட குடியிருப்புகளுக்கான எரிசக்தி விதிமுறையான 'ஈகோ நிவாஸ் சம்ஹிதா', கூரையின் ஒவ்வொரு சதுர மீட்டர் வழியாகவும் ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு 1.2 வாட்டுக்கு மேல் இறங்கக் கூடாது என்கிறது. வெறும் கான்கிரீட் அதைப்போல மூன்று மடங்கு இறக்கும்.

பெருமாள்புரத்தில் ஒரு வீடு. மாடி அறைக்கு ஒன்றரை டன் போட்டார்கள், குளிரவில்லை. விற்ற கடையில் இரண்டு டன் போடச் சொன்னார்கள், போட்டார்கள். பிறகு யாரோ சொன்னார்கள் என்று ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங் அடித்தார்கள். ஜன்னலுக்கு மேலே சூடான காற்று வெளியேற இருந்த ஒரே வெண்டிலேட்டரும் அதில் மறைந்துபோனது. மேலே தளம் வெந்துகொண்டேதான் இருந்தது. கடைசியில் என்னைக் கூப்பிட்டு, "அண்ணாச்சி, இன்னொரு ஏசி போடலாமா?" என்று வீட்டுக்காரர் கேட்டார். முதலில் தட்டட்டிக்கு, அதாவது மொட்டை மாடிக்குப் போவோம் என்றேன். மதியம் மூன்று மணி. செருப்பைக் கழற்றிவிட்டு நடக்கச் சொன்னேன். இரண்டு எட்டு வைத்தவர் தண்ணீர்த் தொட்டி நிழலுக்கு ஓடிவிட்டார்.

தளத்தின் மேல் 50 மில்லிமீட்டர் எக்ஸ்பிஎஸ் என்ற வெப்பத்தைத் தடுக்கும் நுரைப் பலகை, அதன்மேல் வாட்டம் பார்த்துக் கலவை, அதற்கு மேல் வெள்ளை கூலிங் டைல்ஸ். அவ்வளவுதான் வேலை. பழைய ஒன்றரை டன்னே போதுமானதாகிவிட்டது. இதைக் கட்டும்போதே செய்திருந்தால் இரண்டாவது ஏசியும் இல்லை, ஃபால்ஸ் சீலிங்கும் இல்லை. எனக்கு எரிச்சல் எங்கே என்றால், செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு இடித்து, மேலே தட்டோடு பதிப்பது நம் கொத்தனார்களுக்குக் கைவந்த வேலை. அது இன்றைய பலகை அளவுக்குச் சூட்டைத் தடுக்காது. ஆனாலும் ஒன்றுமில்லாததற்கு எவ்வளவோ மேல். செலவு மிச்சம் என்று அதையும் நிறுத்திவிட்டு, நீர்க்கசிவுக்கு ஒரு பெயிண்டை அடித்துவிட்டு இறங்கிவிடுகிறார்கள். கையில் காசே இல்லையென்றாலும் வெயில் காலத்துக்கு முன் தட்டட்டிக்கு வெள்ளையாவது அடியுங்கள்.

காற்று வர வழி உண்டு, போக வழி இல்லை

ஜூன் முதல் செப்டம்பர் வரை மலைக் கணவாய்கள் வழியாக மேற்கிலிருந்து வரும் மேல்காற்றை நம்பித்தான் முப்பந்தலிலும் கயத்தாறிலும் காற்றாலைகள் நிற்கின்றன. அந்தக் காற்று வீட்டுக்குள் மட்டும் வருவதில்லை. காரணம், மேற்கே ஒரு ஜன்னல், எதிர்ப்பக்கம் முழுச் சுவர். வெளியேற இடமில்லாத காற்று உள்ளே வராது. எதிரே ஜன்னல் முடியாவிட்டால் கதவுக்கு மேலே ஒரு திறப்பு, மாடிப்படி உச்சியில் ஒரு திறப்பு போதும்.

வெப்பமும் ஈரப்பதமும் உள்ள பகுதிக்கு, திறக்கக்கூடிய பரப்பு தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்காவது வேண்டும் என்று அதே 'ஈகோ நிவாஸ் சம்ஹிதா' சொல்கிறது. 'திறக்கக்கூடிய' என்பதைக் கவனியுங்கள். இரண்டு கதவு ஸ்லைடிங் ஜன்னல் எவ்வளவு பெரிதானாலும் பாதிதான் திறக்கும்.

வடக்கு ஜன்னலுக்கு சன்ஷேடு வேண்டாம் என்பது

டெல்லிக்கு ஓரளவு சரி. நாம் இருப்பது வட அட்சரேகை 8.7 டிகிரியில். ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கேதான் நிற்கிறது.

ஜெர்மன் வீட்டை அப்படியே இறக்குவது

ஜெர்மன் வீட்டு வீடியோ ஒன்றைக் காட்டி, வீட்டைக் காற்றுப் புகாமல் அடைத்து, வெப்பத்தை மீட்கும் காற்றோட்ட இயந்திரம் வைக்கலாமா என்று கேட்கிறார்கள். 1991-ல் டார்ம்ஸ்டாட் நகரில் குடியேறிய முதல் 'பாசிவ் ஹவுஸ்' (மிகக் குறைந்த எரிசக்தியில் இயங்கும் வீடு) அப்படித்தான் இயங்கியது. அங்கே வெளியே உறைபனி, உள்ளே 20 டிகிரி. வெளியேறும் காற்றின் சூட்டைப் பிடித்து, உள்ளே வரும் காற்றுக்குக் கொடுப்பதில் அர்த்தம் இருக்கிறது. இங்கே இரவில் வெளியே 28, உள்ளே 25. மீட்க என்ன இருக்கிறது? இயந்திரத்தின் விசிறிக்குத்தான் மின்சாரம் போகும்.

ஆனால் அந்த வீடியோவில் எடுத்துக்கொள்ள ஒன்று உண்டு. ஸ்பிளிட் ஏசி அறைக் காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிர்விக்கிறது. புதுக் காற்றைக் கொண்டுவருவதில்லை. இரண்டு பேர் விடியவிடிய அடைத்துப் படுத்தால் காலையில் தலை கனக்கத்தான் செய்யும். சுவரில் மூடித் திறக்கும் சிறு துவாரம் ஒன்று வையுங்கள்.

ஏர்கூலரைப் போட்டு ஜன்னலைச் சாத்துவது

சாத்தாதீர்கள், அது விடும் ஈரக் காற்று வெளியேற வழி வேண்டும். காற்றே ஈரமாக இருக்கும் ஐப்பசி, கார்த்திகையில் ஏர்கூலரையே போடாதீர்கள்.

குளியலறைக்குள் கேஸ் கீசர்

வேண்டவே வேண்டாம். கேஸ் எரியும்போது வரக்கூடிய கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயுவுக்கு வாசனை கிடையாது.

சோலார் வெந்நீருக்கு நேராக போர் தண்ணீர்

உப்புத் தண்ணீரென்றால் கண்ணாடிக் குழாய்களிலும் தொட்டியிலும் வெள்ளையாகப் படிந்து அடைத்துவிடும். தாமிரபரணித் தண்ணீர் இணைப்பு இருந்தால் அதற்குத் தனித் தொட்டி வையுங்கள். இல்லையென்றால் ஹீட் எக்ஸ்சேஞ்சர் உள்ள மாடலைக் கேட்டு வாங்குங்கள்; அதில் போர் தண்ணீர் கண்ணாடிக் குழாய்க்குள் போகாமல் சூட்டை மட்டும் வாங்கிக்கொள்ளும்.

ஏசியின் வெளி யூனிட்டை டக்டுக்குள் ஒளித்து வைப்பது

முகப்பு அழகு கெடுகிறது என்று மூன்று யூனிட்டை ஒரே சந்துக்குள் அடுக்குகிறார்கள். ஒன்று துப்பும் அனலை அடுத்தது இழுத்துக்கொள்கிறது. மூன்றும் சேர்ந்து மீட்டரைச் சுற்றவைக்கின்றன. கிழக்கிலோ வடக்கிலோ நிழலில், திறந்த இடத்தில், கழுவுகிறவர் நிற்க ஒரு பலகை அகலமாவது விட்டு வையுங்கள்.