மந்திரம் ஓதும் குரங்கு: பிரஷ்ஷும் மையும் வைத்து வரையும் முறை

ஜப்பானில் கியோட்டோவின் கோசான்ஜி கோயிலுக்கு உரியவை ‘சோஜூ ஜின்புட்சு கிகா’ (பறவை, விலங்கு, மனிதர் கேலிச் சித்திரங்கள்) என்னும் நான்கு சுருள் ஓவியங்கள். 12, 13-ஆம் நூற்றாண்டுகளில் வரைந்தவை. வண்ணமோ எழுத்தோ கிடையாது, வெறும் மைக்கோடுகள். முதல் சுருளில் ஒரு தவளை புத்தர் சிலைபோல் உட்கார்ந்திருக்கிறது. துறவி உடையில் ஒரு குரங்கு அதன்முன் மந்திரம் ஓதுகிறது. அதுபோல ஒரு குரங்குத் துறவியை வரைந்து பழகுவோம்.

தேவையானவை: 200 ஜிஎஸ்எம் தாள், 2பி பென்சில், 4-ஆம் எண் ரவுண்ட் பிரஷ், கறுப்பு இந்தியன் இங்க், பீங்கான் தட்டு, தண்ணீர், அழிப்பான்.

முதலில் முதுகெலும்பு. 12 செ.மீ. உயரத்துக்கு முன்பக்கம் லேசாக வளைந்த ஒரே கோடு. அதில் தலைக்கு 3 செ.மீ. ஒதுக்குங்கள். மனித அளவுப்படி தலையைச் சிறிதாக்கினால், குரங்கு முகமூடி போட்ட ஆள்போல ஆகிவிடும். கால்களும் அப்படித்தான்: முழங்கால் எப்போதும் மடங்கியிருக்கட்டும், பாதம் நீளமாக இருக்கட்டும். ஜப்பானியக் குரங்கின் வால் குட்டை; நம்மூர்க் குரங்கை நினைத்து நீளவால் போட வேண்டாம்.

முகத்தில்தான் பலரும் சறுக்குகிறார்கள். கேலி தெரியவேண்டும் என்று மனிதப் புருவமும் சிரிப்பும் வரைவார்கள்; அதோடு கேலி செத்துவிடும். முகம் குரங்காகவே இருக்கட்டும். கூன் போட்ட முதுகு, மார்புக்கு நேரே கூப்பிய கைகள், விரல்களில் தொங்கும் ஜபமாலை, இவற்றில்தான் துறவி தெரியவேண்டும். பக்தி வேடத்தைச் சொல்ல இந்த மூன்றே போதும்.

அங்கி தோளிலிருந்து தொங்குகிறது. குரங்குக்குத் தோள் குறுகல் என்பதால் துணி சரிந்து விழும். மடிப்புகளைத் தோள், மடங்கிய முழங்கை, இடுப்புக் கட்டு ஆகிய இடங்களிலிருந்து மட்டும் தொடங்குங்கள். மொத்தம் ஆறு மடிப்புக்கு மேல் போனால் உள்ளே உடம்பு இருப்பதே தெரியாது.

இனி மை. வெளிக்கோட்டுக்கு மையை அப்படியே எடுங்கள். மடிப்புகளுக்கு ஒரு சொட்டு மைக்கு மூன்று சொட்டுத் தண்ணீர். பிரஷ்ஷைத் தட்டின் விளிம்பில் ஒருமுறை வழித்துவிட்டு, செங்குத்தாகப் பிடித்து, மணிக்கட்டை அசைக்காமல் முழுக் கையால் ஒரே இழுப்பில் வரையுங்கள். கோடு நடுங்கினால் நீங்கள் மெதுவாகப் போகிறீர்கள் என்று பொருள். ஓரம் கசிந்தால் பிரஷ்ஷில் ஈரம் அதிகம், அல்லது தாள் மையை உறிஞ்சும் வகை. கோணல் கோட்டின்மேல் திரும்ப வரையாதீர்கள். தடித்துப்போய் இன்னும் எடுப்பாகத் தெரியும்.

கடைசியாக, வாயிலிருந்து வெளியே விரியும் நாலைந்து மெல்லிய கோடுகள். மந்திர ஒலியைச் சுருளிலும் இப்படித்தான் காட்டியிருக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த நுணுக்கம் இது: சொல் ஒன்றுகூட இல்லாமல் ஓதுவது கேட்கிறது!

அரை மணி நேரம் காயவிட்டுப் பென்சிலை அழியுங்கள். பிரஷ்ஷை மட்டும் உடனே கழுவிவிடுங்கள். இந்தியன் இங்கில் பெரும்பாலும் அரக்கு கலந்திருக்கும். காய்ந்தால் மயிர் ஒட்டிப்போய் முனை திரும்பக் கூராகாது.