மலையேறி எடுத்த படங்களை வீட்டுக் கணினியில் சேர்ப்பது எப்படி? சமணர் மலையிலிருந்து ஒரு செய்முறை

மதுரைக்குப் பக்கத்தில் கீழக்குயில்குடி சமணர் மலையில் பேச்சிப்பள்ளம் என்று ஓர் இடம் இருக்கிறது. பாறையில் சமண சமயத்தின் அருகர்களான தீர்த்தங்கரர்களின் சிற்பங்கள் வரிசையாக இருக்கும். அவற்றின் அடியில், யார் செய்வித்தது என்று வட்டெழுத்து எனும் பழைய தமிழ் எழுத்தில் வெட்டியிருக்கிறார்கள். ஒன்றில் அச்சணந்தி என்ற சமணத் துறவியின் தாயார் குணமதியார் செய்வித்த திருமேனி என்று இருக்கிறது. ஆயிரம் ஆண்டு தாண்டியும் அந்த அம்மாவின் பெயர் நமக்குத் தெரிகிறது. ஆனால் வீட்டில் கிடந்த பழைய போனைத் திறந்து பார்த்தபோது, மூன்று வருஷத்துக்கு முந்தைய படங்களில் எது யானைமலை, எது மாங்குளம் என்று எனக்கே பிரிக்கத் தெரியவில்லை. அன்றிலிருந்து பின்பற்றும் முறையைத்தான் கீழே எழுதுகிறேன். கணினியை இப்போதுதான் பழகுகிறவர்களை மனதில் வைத்து விண்டோஸ், ஆண்ட்ராய்டு இரண்டுக்கும் சொல்கிறேன்.

படி 1: கிளம்புவதற்கு முந்தின இரவு

போன் கேமராவின் அமைப்புகளுக்குள் போய், இருப்பிடத்தைப் படத்தோடு சேமிக்கும் வசதியை ஆன் செய்யுங்கள். பல போன்களில் இது அணைந்தே இருக்கும். ஆன் செய்தால், எடுத்த நாள், நேரத்தோடு எடுத்த இடமும் படத்துக்குள் எக்ஸிஃப் தகவலாகப் பதிந்துவிடும். இந்த முறைக்கு அதுதான் அடிப்படை.

கூடவே, வரைபடச் செயலியில் மதுரைப் பகுதியை வீட்டு வைஃபையில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். மலைப்பக்கம் டவர் கிடைக்காவிட்டாலும் ஜிபிஎஸ் வேலை செய்யும். அது செயற்கைக்கோளிலிருந்து நேராக வருவது, டேட்டா தேவையில்லை.

படி 2: மலையில்

காலை ஆறரைக்குள் அடிவாரத்தில் இருங்கள். வெயில் ஏறினால் பாறையில் கால் வைக்க முடியாது என்பது ஒரு காரணம். இன்னொன்று, எழுத்துகள் சாய்ந்த வெளிச்சத்தில்தான் எடுப்பாகத் தெரியும். உச்சி வெயிலில் நிழல் விழாது. கல்வெட்டு வெறும் பாறையாகத்தான் படத்தில் வரும்.

தாமரைக்குளத்தையும் அய்யனார் கோயிலையும் பார்த்துவிட்டு ஏறுவதற்கு முன், அங்குள்ள அறிவிப்புப் பலகையை ஒரு படம் எடுங்கள். ஒவ்வொரு புது இடத்திலும் இதேபோல் முதலில் ஒரு அகலமான படம், அப்புறம் நெருக்கமானவை. மலையின் இன்னொரு பக்கம் இருக்கும் செட்டிப்புடவுக்குப் போனால் அங்கேயும் அப்படியே. பிறகு கணினியில் பார்க்கும்போது இந்த அகலப் படங்கள்தான் மைல்கல் மாதிரி வழி காட்டும்.

எழுத்து தெளிவாகத் தெரிய வேண்டும் என்று சாக்பீஸால் தேய்க்காதீர்கள். கேட்டுக்கொள்கிறேன். காத்திருந்தால் வெளிச்சமே காட்டிக்கொடுக்கும்.

படி 3: படங்களைக் கணினிக்கு மாற்றுவது

வாட்ஸப்பில் உங்களுக்கே அனுப்பி இறக்குவது வேண்டாம். சாதாரணமாக அனுப்பும் படம் சுருங்கிவிடும், இருப்பிடத் தகவலும் போய்விடும். கூட வந்தவர்களிடம் படம் கேட்டாலும் 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள்.

யூஎஸ்பி கேபிளால் போனைக் கணினியில் இணைத்து, போனின் திரைப் பூட்டைத் திறந்து வையுங்கள். முதலில் சார்ஜ் மட்டும்தான் ஏறும். மேலிருந்து அறிவிப்புத் திரையை இழுத்து, யூஎஸ்பி அறிவிப்பைத் தொட்டு, 'ஃபைல் டிரான்ஸ்ஃபர்' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அப்படி ஓர் அறிவிப்பே வரவில்லை என்றால் கேபிளை மாற்றிப் பாருங்கள்; சில கேபிள்கள் சார்ஜுக்கு மட்டுமே ஆனவை.

இனி கணினியில் 'திஸ் பிசி' போய், போனின் பெயரைத் திறந்து, இன்டர்னல் ஸ்டோரேஜ், டிசிஐஎம், கேமரா என்று உள்ளே செல்லுங்கள். அன்றைய படங்களைத் தேர்ந்தெடுத்து 'காப்பி' கொடுங்கள். 'கட்' வேண்டாம். நான் ஒருமுறை கட் கொடுத்து ஒட்டிக்கொண்டிருந்தபோது பாதியில் கரண்ட் போனது. எங்கள் வீட்டு டெஸ்க்டாப்புக்கு யூபிஎஸ் கிடையாது. கரண்ட் வந்து பார்த்தால் நாற்பதுக்கும் மேற்பட்ட படங்கள் போனிலும் இல்லை, கணினியிலும் இல்லை. அதில் அப்பா மாங்குளம் மலையில் உட்கார்ந்திருந்த படமும் ஒன்று. அந்த வலி இன்னும் போகவில்லை.

காப்பி முடிந்ததும் இரண்டு பக்கமும் எண்ணிக்கை ஒன்றாக இருக்கிறதா என்று சரிபாருங்கள். பிறகு நடுவில் நாலைந்து படங்களைக் கணினியில் திறந்து பாருங்கள். போனில் எதையும் இப்போது அழிக்காதீர்கள்.

படி 4: ஃபோல்டருக்குப் பெயர்

பெயரை இப்படி வையுங்கள்: 2025-01-19 சமணர் மலை. ஆண்டு முதலில், பிறகு மாதம், கடைசியில் தேதி. மாதமும் தேதியும் எப்போதும் இரண்டிலக்கம். அப்போதுதான் பெயர்வரிசையும் காலவரிசையும் ஒன்றாகவே அமையும். நம் வழக்கப்படி 19-01-2025 என்று வைத்தால் எல்லா மாதத்து 19ஆம் தேதிகளும் ஓரிடத்தில் குவிந்துவிடும். தமிழில் பெயர் வைக்கத் தயங்காதீர்கள், விண்டோஸ் நன்றாகவே ஏற்கும்.

ஒவ்வொரு படத்துக்கும் பெயர் மாற்ற வேண்டுமா? என்னைக் கேட்டால் வேண்டாம். இருநூறு படத்துக்கு உட்கார்ந்தால் மூன்றாவது பயணத்திலேயே சலித்துப்போகும். மங்கலானவற்றை அழித்துவிட்டு, மனதுக்குப் பிடித்த பத்துப் பதினைந்துக்கு மட்டும் எஃப் 2 விசையை அழுத்திப் பெயர் கொடுங்கள்.

படி 5: குறிப்பு எழுதுவது

நான் மிகவும் மதிக்கும் படி இதுதான். அதே ஃபோல்டருக்குள் நோட்பேடில் ஒரு கோப்பு உருவாக்கி, 'குறிப்பு' என்று பெயரிடுங்கள். யார் யார் போனோம், எப்படிப் போனோம், எதைப் பார்த்தோம், ஆலமரத்தடியில் பேசிய பெரியவர் என்ன சொன்னார் என்று ஐந்தாறு வரி போதும். தமிழில் தட்டச்சு செய்ய, விண்டோஸ் அமைப்புகளில் மொழிப் பகுதிக்குப் போய்த் தமிழைச் சேர்த்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் விசையையும் ஸ்பேஸையும் சேர்த்து அழுத்தினால் மொழி மாறும். பழைய விண்டோஸ் என்றால் சேமிக்கும்போது என்கோடிங்கில் யூடிஎஃப்-8 தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த முறை திறக்கும்போது எழுத்தெல்லாம் கேள்விக்குறியாக நிற்கும்.

எந்தப் படம் எங்கே எடுத்தது என்று குழம்பினால், படத்தின் மேல் வலது கிளிக் செய்து 'ப்ராபர்ட்டீஸ்', அதில் 'டீடெய்ல்ஸ்' போங்கள். கீழே ஜிபிஎஸ் பகுதியில் 9, 54, 36 என்பதுபோல் மூன்று எண்கள் இருக்கும். இவை பாகை, கலை, விகலை. நடு எண்ணை 60ஆல், கடைசி எண்ணை 3600ஆல் வகுத்து முதல் எண்ணோடு கூட்டுங்கள். இங்கே 9 + 0.9 + 0.01, அதாவது 9.91. தீர்க்கரேகையையும் இப்படியே கணக்கிட்டு, இரண்டுக்கும் நடுவில் கமா போட்டு வரைபடத்தில் தேடினால் நீங்கள் நின்ற பாறை வந்துவிடும். மதுரையைச் சுற்றி எடுத்த படம் என்றால் அட்சரேகை 9 அல்லது 10இல் தொடங்கும், தீர்க்கரேகை 77 அல்லது 78இல். வேறு எண் வந்தால் கணக்கை ஒருமுறை பாருங்கள்.

படி 6: இரண்டாவது பிரதி

முழு ஃபோல்டரையும் வெளி ஹார்டு டிஸ்க்கில் காப்பி செய்து, 'இஜெக்ட்' கொடுத்த பிறகே கழற்றுங்கள். முடிந்தால் அந்த டிஸ்க்கை வேறு வீட்டில் வையுங்கள். எங்களுடையது திருமங்கலத்தில் அக்கா வீட்டு பீரோவில் இருக்கிறது. பொங்கலுக்கும் சித்திரைத் திருவிழாவுக்கும் வரும்போது கொண்டுவருவாள், புதியவற்றைச் சேர்த்துக் கொடுத்தனுப்புவேன்.

இதற்கு அப்புறம்தான் போனில் அழிக்க வேண்டும். ஒரு எச்சரிக்கை: கூகுள் ஃபோட்டோஸில் ஏற்றிய படத்தை அந்தச் செயலி வழியாக அழித்தால் இணையத்தில் இருக்கும் பிரதியும் சேர்ந்தே போகும்.

படி 7: மற்றவர்களுக்குக் கொடுக்கும் முன்

மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டிக்குப் போகிறவர்கள் இதை அவசியம் செய்யுங்கள். 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர் அது. அங்குள்ள குன்றுகளில் லகுடு வல்லூறு போன்ற அரிய வேட்டைப் பறவைகள் வாழ்கின்றன. கூடு தெரியும் படத்தை இருப்பிடத்தோடு பரப்பினால், ஆட்கள் அந்தப் பாறைக்கே நேராக வந்து நிற்க வழி செய்துவிடுவோம். அதனால் வெளியே கொடுக்கும் படத்தை மட்டும் தேர்ந்தெடுத்து, அதே 'டீடெய்ல்ஸ்' பக்கத்தின் அடியில் இருக்கும் 'ரிமூவ் ப்ராபர்ட்டீஸ்' இணைப்பை அழுத்துங்கள். இரண்டு வழி கேட்கும். முதல் வழியைத் தேர்ந்தெடுத்தால் தகவல் நீங்கிய தனிப் பிரதி ஒன்று உருவாகும். அதைக் கொடுங்கள், அசல் உங்கள் ஃபோல்டரிலேயே இருக்கட்டும். வீட்டு மொட்டைமாடியில் எடுத்த குழந்தைகள் படத்துக்கும் இதையே செய்யலாம்.