வெள்ளைப் பசையும் பழைய ஆர்கனும்

குழாய்களில் காற்றை ஊதி ஒலிக்கும் ஆலய இசைக்கருவியான பைப் ஆர்கனைப் பழுதுபார்க்கும் வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் குழாயைக் கீழே போடுவதில்லை; அந்தப் பயம் எல்லோருக்கும் உண்டு. பயமே இல்லாமல் செய்கிற வேலைதான் காசைத் தின்கிறது. சேலத்துப் பட்டறையில் பிரித்து, ஏற்காட்டு ஆலயத்தில் பூட்டுகிற சின்ன ஆர்கனை மனத்தில் வைத்துப் படியுங்கள்.

துருத்தியில் வெள்ளைப் பசை

எத்தனை முறை சொன்னாலும் தச்சுக் கடை வெள்ளைப் பசை டப்பா வந்துவிடுகிறது. குழாய்களுக்குக் காற்றூட்டும் துருத்தியின் தோலை எப்படியும் சில பத்தாண்டுகளில் மாற்ற வேண்டியதுதான். வச்சிரத்தில் (விலங்குத் தோலைக் காய்ச்சி எடுக்கும் பசை) ஒட்டியிருந்தால் ஈரத் துணி போட்டு, மேலே இஸ்திரிப் பெட்டியை வைத்தால் தோல் உரிந்து வரும், பலகைக்குச் சேதமில்லை. வெள்ளைப் பசை மரத்தின் துளைகளுக்குள் இறங்கிவிடும். தோல் கிழியும், பசை போகாது. அதன்மேல் வச்சிரமும் பிடிக்காது. சுரண்டத்தான் வேண்டும், மெல்லிய மடிப்புப் பலகையில் எத்தனை முறை சுரண்டுவது? கடைசியில் புதுப் பலகை அறுக்க வேண்டியதாகிறது. பழைய பலகையில் ஆர்கன் கட்டியவர் பென்சிலில் எழுதிய குறிப்பு ஏதாவது இருந்தால் அதுவும் போச்சு.

வச்சிரத்தைப் பச்சைத் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்து, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து 60 டிகிரியில் உருக்குங்கள். கொதித்தால் பிடிமானம் போய்விடும். ஏற்காட்டில் டிசம்பர் காலையில் தடவிய கையோடு உறைந்துவிடும். பலகையை முதலில் சூடாக்கி, ஒட்டியதும் வெந்நீரில் பிழிந்த துணியால் அழுத்தித் தேயுங்கள். ஆட்டுத்தோலின் விளிம்பைச் சீவி மெலிதாக்காமல் ஒட்டினால் ஓரம் தூக்கும்.

குழாயைத் துலக்குவது

வேண்டாம். ஈயமும் வெள்ளீயமும் கலந்த மெல்லிய தகடு அது.

துருத்தி மேலிருக்கும் செங்கல்

அது குப்பை இல்லை, அதன் எடைதான் காற்றழுத்தத்தைத் தருகிறது. சின்ன ஆர்கனில் பெரும்பாலும் 65 முதல் 75 மி.மீ. நீர்மட்டம் இருக்கும். பிரிக்கும் முன்பே யு வடிவ நீர்க்குழாயில் அளந்து, ஒவ்வொரு கல்லின் எடையையும் இடத்தையும் எழுதி வையுங்கள்.

சேலத்திலேயே சுருதி கூட்டுவது

35 டிகிரிப் பட்டறையில் 440 ஹெர்ட்ஸில் வைத்த குழாய், 20 டிகிரி ஆலயத்தில் சுமார் 429-இல் பேசும். காரணம் குளிர்தான், மலையின் உயரம் அல்ல. உள்ளே உலோக நாக்கு அதிர்ந்து ஒலிக்கும் நாக்குக் குழாய்கள் அவ்வளவு இறங்காது. ஆகவே இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டாது. கீழே தோராயமாக வைத்தால் போதும், மிச்சம் 20 கொண்டை ஊசி வளைவுக்கு அப்புறம். ஆராதனை நேரத்து வெப்பம் உள்ளே இருக்கும்போது கூட்டுங்கள். குழாயைப் பிடித்துவிட்டு உடனே காதைக் கொடுக்காதீர்கள். உள்ளங்கைச் சூட்டுக்கே சுருதி ஏறும். இரண்டு நிமிடம் விட்டுக் கேளுங்கள்.