பாட்டு நாடகம் பார்க்கக் கொழும்புக்கு ஒரு நாள்: திரும்பும் பஸ்ஸிலிருந்து கணக்குப் போடுங்கள்

மலையகத்து ஹட்டனிலிருந்து கொழும்பு ஏறக்குறைய 130 கிலோமீற்றர்தான். ஆனால் கினிகத்தேனை, கித்துல்கலை வளைவுகளில் இறங்கி அவிசாவளை தாண்டிப் போய்ச்சேர ஐந்து மணித்தியாலம் ஆகும். ஆகவே டிக்கட் எடுக்கும்முன் முதலில் முடிவுசெய்ய வேண்டியது வீடு திரும்பும் வழியை.

கொழும்பு அரங்குகளில் ஒரே நாளில் பிற்பகல் 3.30 அளவில் ஒன்று, மாலை 6.30க்குப் பிறகு ஒன்று என இரண்டு காட்சி வைப்பது வழக்கம். மலையகத்துக் குடும்பத்துக்கு முதலாவதுதான் சரி. இடைவேளையோடு இரண்டரை மணித்தியாலம் என்றாலும் 6 மணிக்கு வெளியே வரலாம். 7 அல்லது 7.30க்குக் கொழும்பின் பஸ் நிலையம் இருக்கும் புறக்கோட்டையில் பஸ் ஏறினால் நள்ளிரவை ஒட்டி ஹட்டன். மாலைக் காட்சிக்குப் போனால் கொழும்பில் தங்கத்தான் வேண்டும்.

காலையில் 5.30க்கு ஹட்டனில் பஸ் ஏற வேண்டும். தேயிலைத் தோட்டத்திலிருந்து வருபவர்கள் 4.30க்கே ஆட்டோவை வரச்சொல்லி வையுங்கள். அதே ஆட்டோக்காரரிடம் இரவுக்கும் பேசிவிடுங்கள். நள்ளிரவில் டவுனில் நின்று ஆட்டோ தேடினால் கிடைக்காது, கிடைத்தாலும் கேட்பதுதான் விலை. புறக்கோட்டையில் இறங்கியதும் ஹட்டனுக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் நிற்கும் என்று கேட்டு வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை நேரம் மாறும்.

பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்தால் வேன் நல்லது. அதில் ஒரு விஷயம் பலருக்கும் தோன்றுவதில்லை: நாடகம் நடக்கும்போது டிரைவர் தூங்க வேண்டும். அவருக்கும் டிக்கட் எடுப்பது அன்பான செயல்தான், ஆனால் இரவு வட்டவளைப் பனிமூட்டத்தில் கண் சொக்கினால் என்ன ஆகும்? மத்தியானச் சாப்பாடு வாங்கிக் கொடுத்து, நிழலில் வண்டியை நிறுத்தித் தூங்கச் சொல்லுங்கள்.

பயணத்தைக் கெடுப்பது பெரும்பாலும் வாந்திதான். ஹட்டனில் ஏறியதிலிருந்தே வளைவு, கினிகத்தேனைக்குக் கீழே இன்னும் மோசம். வாந்தி எடுக்கும் பிள்ளையைப் பின்சில்லுக்கு மேலே உட்கார வைக்காதீர்கள். முன்பக்க சீட்டில், கண்ணாடி வழியே ரோட்டைப் பார்க்கிற மாதிரி உட்காரட்டும். போனைப் பார்க்க விடவேண்டாம். கண் ஒரு பக்கம் நிற்க உடம்பு மறுபக்கம் ஆடுவதால்தான் பிரட்டுகிறது. வெறும் வயிறும் கூடாது, தேங்காய்ச் சம்பலோடு நாலு ரொட்டியும் கூடாது. சம்பலில்லாமல் ஒரு ரொட்டி போதும். மாத்திரை கொடுப்பதானால் வயதைச் சொல்லிப் பார்மசியில் அளவு கேளுங்கள், ஏறுவதற்கு அரை மணி முன்னதாகக் கொடுங்கள். ஏறிய பிறகு கொடுத்தால் அதுவும் வெளியே வந்துவிடும். ஷொப்பிங் பேக் இரண்டை ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டு, ஊதிப் பார்த்து ஓட்டை இல்லை என்று உறுதிசெய்து, கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள்.

அவிசாவளை வந்ததும் எல்லாரும் ஸ்வெட்டரைக் கழற்றுவார்கள். வேனில் வந்தவர்கள் அதை அங்கேயே விட்டுவிட்டு அரங்குக்குள் போவார்கள். உள்ளே ஏசி குளிரில் பிள்ளை நடுங்கும். ஸ்வெட்டர் கையோடு வரட்டும்.

லயனல் வென்ட், நெலும் பொக்குண அரங்குகள் இரண்டும் கொழும்பு 7இல் இருக்கின்றன. புறக்கோட்டையிலிருந்து 138ஆம் இலக்க பஸ் அந்தப் பக்கம் போகும், ஆனால் பிள்ளைகளும் பையுமாக இருந்தால் ஆட்டோவே மேல். 2.30க்குள் சாப்பாட்டை முடித்து 3 மணிக்கு வாசலில் நில்லுங்கள். விளக்கு அணைந்த பிறகு வந்தால் காட்சி மாறும்வரை வெளியே நிற்க வேண்டிவரும். பெரும்பாலும் உள்ளே சாப்பாடு கொண்டுபோக விடமாட்டார்கள், ஆகவே பிஸ்கட்டை இடைவேளைக்கு வையுங்கள். சீட் தெரிவுசெய்யும்போது வரிசையின் ஓரம் கிடைத்தால் விடாதீர்கள். முன்னால் உயரமானவர் உட்கார்ந்தாலும் பிள்ளை பக்கவாட்டில் எட்டிப் பார்க்கலாம், கழிவறைக்கு எழுந்தாலும் பத்துப் பேரின் காலை மிதிக்க வேண்டியதில்லை. டிக்கட் போனில் வந்தால் ஸ்கிரீன்ஷொட் எடுத்து வையுங்கள், டேட்டாவை நம்பாதீர்கள்.

மேடையில் பாடுவது பெரும்பாலும் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ இருக்கும். பாட்டில் சொற்கள் பேச்சைவிடக் குறைவாகவே காதில் விழும், கதை தெரியாத பிள்ளை அரை மணியில் தூங்கிவிடும். இரண்டு மூன்று நாள் முன்பே கதையைச் சொல்லி, இரண்டு பாட்டையாவது கேட்க வையுங்கள். தோட்டங்களில் ஆடும் காமன் கூத்துப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்குப் பாடியே கதை நடத்துவது புதிதில்லை. சிங்கள நாடகாசிரியர் எதிரிவீர சரச்சந்திர 1956இல் லயனல் வென்ட்டில் மேடையேற்றிய 'மனமே'யும் நாடகம என்ற சிங்களக் கூத்து வடிவத்தில் ஆனதுதான். அந்த வடிவத்துக்கும் வேர் தமிழ்க் கூத்தில் இருக்கிறது. இதைச் சொல்லிக் கூட்டிப் போனால் வளர்ந்த பிள்ளைகள் வேறு கண்ணோடு பார்ப்பார்கள்.

நாளைப் பொறுத்தவரை ஜனவரி முதல் மார்ச் வரை வழி ஓரளவு காய்ந்திருக்கும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்கு மழை, கினிகத்தேனைப் பக்கம் மண்சரிவு. புறப்படுவதற்கு முதல்நாள் மாலை தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பாருங்கள். நுவரெலியா, கேகாலை மாவட்டங்களுக்குச் செம்மஞ்சளோ சிவப்போ இருந்தால் டிக்கட் காசு போனாலும் போகட்டும் என்று வீட்டில் இருங்கள்.

சனிக்கிழமை போனால் தோட்டத்தில் ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போகும். ஞாயிறு போனால் பேர் தப்பும், ஆனால் திங்கள் காலை வேலைக்கு ஆள் கூட்டும் பிரட்டுக்கு நாலு மணித்தியாலத் தூக்கத்தோடு நிற்க வேண்டும். திங்கட்கிழமை போயா (பௌர்ணமி விடுமுறை) வந்தால், அதற்கு முந்திய ஞாயிறாகப் பார்த்து டிக்கட் எடுங்கள்.