வாகன அபராதச் சலான் வந்தால் என்ன செய்ய வேண்டும்? தமிழ்நாட்டில் புதிதாக வண்டி ஓட்டுபவர்களுக்கான செய்முறை விளக்கம்

போக்குவரத்துச் சலான் வந்ததும் பெரும்பாலோர் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். தொல்லை ஒழியட்டும் என்று உடனே பணத்தைக் கட்டிவிடுகிறார்கள். இல்லையென்றால் வண்டியை விற்கும் நாள் வரை அதைத் திரும்பிப் பார்ப்பதே இல்லை. இரண்டுக்கும் முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு: சலானை முழுதாகப் படிப்பது. எந்தச் சட்டப் பிரிவு, எந்த நாள், எந்த இடம், யார் மீது என்ற நான்கும் தெளிவான பிறகுதான் கட்டுவதா மறுப்பதா என்று முடிவெடுக்க இயலும். கீழே உள்ளவை தமிழ்நாட்டு நடைமுறையை ஒட்டியவை. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் நாடு முழுவதற்கும் பொதுவானது என்றாலும், சாலையோரத்தில் வசூலிக்கப்படும் தொகையை அந்தந்த மாநில அரசே நிர்ணயிக்கிறது.

முதல் படி: வந்த செய்தி உண்மையானதா என்று பாருங்கள்

சலான் உங்களை இரண்டு வழிகளில் வந்தடையும். காவலர் வண்டியை நிறுத்திக் கையடக்கக் கருவியில் பதிவு செய்து அங்கேயே ரசீது தரலாம். அல்லது சாலையில் உள்ள கேமரா நம்பர் பிளேட்டைப் படம் பிடித்து, பதிவுப் புத்தகத்தில் உள்ள கைபேசி எண்ணுக்குக் குறுஞ்செய்தி வரலாம். இரண்டாவது வழியைத்தான் மோசடிக்காரர்கள் பயன்படுத்திக்கொள்கிறார்கள். “உங்கள் வாகனத்துக்கு அபராதம், விவரங்களுக்கு இணைப்பில் உள்ள கோப்பைத் திறக்கவும்” என்று வாட்ஸ்அப்பில் ஒரு ஏ.பி.கே. கோப்பு (கைபேசியில் செயலியை நிறுவும் கோப்பு) வந்தால், அது போக்குவரத்துக் காவல்துறை அனுப்பியதல்ல. அதை நிறுவிய மறுகணமே கைபேசிக்கு வரும் ஓ.டி.பி. எண்கள் பிறர் கைக்குப் போய்விடும்.

ஆகவே செய்தியில் உள்ள இணைப்பைத் தொடாதீர்கள். மத்தியப் போக்குவரத்து அமைச்சகத்தின் பரிவாஹன் இணையதளத்தை உலாவியில் நீங்களே தட்டச்சு செய்து திறந்து, அதன் முகவரி ‘ஜி.ஓ.வி. டாட் இன்’ என்று முடிவதை உறுதி செய்துகொண்டு, இ-சலான் பகுதிக்குச் செல்லுங்கள். சலான் எண், வாகன எண், ஓட்டுநர் உரிம எண் ஆகிய மூன்றில் ஏதேனும் ஒன்றைக் கொண்டு தேடலாம். வாகன எண் மூலம் தேடினால் சேசிஸ் எண் அல்லது எஞ்சின் எண்ணின் கடைசி ஐந்து எழுத்துகளையும் கேட்கும், அவை ஆர்.சி. புத்தகத்திலேயே உள்ளன. அங்கே சலான் எதுவும் காணப்படவில்லை என்றால், உங்களுக்கு வந்த செய்தியை நம்ப வேண்டியதில்லை. ஏமாந்து பணம் போய்விட்டிருந்தால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணைத் தாமதமின்றி அழைக்க வேண்டும்.

இரண்டாம் படி: சலானை வரி வரியாகப் படியுங்கள்

முதலில் வாகன எண்ணைப் பாருங்கள். பிறகு படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். கேமரா எடுத்த படத்தில் எட்டு என்ற எண் ஆங்கில ‘பி’ எழுத்தாகவும், பூஜ்ஜியம் ‘ஓ’ எழுத்தாகவும் கணினிக்குத் தோன்றுவது உண்டு. நம்பர் பிளேட்டில் சேறு படிந்திருந்தாலோ, வளைந்து நெளிந்த எழுத்துருவில் எண்ணை எழுதியிருந்தாலோ இந்தப் பிழை இன்னும் எளிதாக நேரும். படத்தில் இருப்பது உங்கள் வண்டியின் நிறமா, அதே மாதிரியா, பின்பக்கத்தில் உள்ள கீறலோ ஒட்டுப்படமோ பொருந்துகிறதா என்று கவனியுங்கள். வீட்டு வாசலில் நிற்கும் காருக்குத் தலைக்கவசம் அணியவில்லை என்று சலான் வருவது நகைச்சுவைத் துணுக்கு போலத் தோன்றினாலும், எண்ணில் ஓர் எழுத்து மாறினால் நடக்கக்கூடியதுதான்.

அடுத்து நாள், நேரம், இடம். அந்த நேரத்தில் வண்டி எங்கே இருந்தது, யார் ஓட்டினார்கள் என்று நினைவுபடுத்திப் பாருங்கள். கேமரா போன்ற மின்னணுக் கருவிகளின் பதிவை வைத்து அனுப்பப்படும் அறிவிப்புகளுக்கென்று, மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021 ஆகஸ்டில் 167ஏ என்ற விதி சேர்க்கப்பட்டது. விதிமீறலையும் நம்பர் பிளேட்டையும் தெளிவாகக் காட்டும் படம், கருவி அளந்த அளவு, நாள், நேரம், இடம், மீறப்பட்ட சட்டப் பிரிவு ஆகியவை அறிவிப்பில் இருக்க வேண்டும் என்றும், விதிமீறல் நடந்த 15 நாட்களுக்குள் அறிவிப்பு அனுப்பப்பட வேண்டும் என்றும் அது சொல்கிறது. இவற்றில் ஒன்று குறைந்தாலும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். மறுப்பு எழுதும்போது பயன்படும். ஆனால் தாமதமாக வந்தது என்ற ஒரே காரணத்தை நம்பி, உண்மையிலேயே செய்த விதிமீறலுக்கு வழக்காடப் போவது அறிவுடைமையாகாது.

மூன்றாம் படி: சட்டப் பிரிவு எண் என்ன சொல்கிறது?

சலானில் மிகச் சிறிய எழுத்தில் அச்சாகியிருக்கும் பிரிவு எண்தான் அதன் உயிர். சட்டம் 2019இல் திருத்தப்பட்டு, தண்டத் தொகைகள் அந்த ஆண்டு செப்டம்பர் 1 முதல் உயர்ந்தன; தமிழ்நாடு தன் கட்டணங்களை 2022 அக்டோபரில் உயர்த்தியது. அதன்படி தலைக்கவசம் அணியாமைக்கு (194டி) 1,000 ரூபாய், காரில் சீட் பெல்ட் அணியாமைக்கு (194பி) 1,000 ரூபாய், உரிமமின்றி ஓட்டுவதற்கு (181) 5,000 ரூபாய், இன்சூரன்ஸ் இல்லாமைக்கு (196) முதல் முறை 2,000 ரூபாயும் மறுமுறை 4,000 ரூபாயும், ஆம்புலன்ஸ் போன்ற அவசர ஊர்திகளுக்கு வழிவிடாமைக்கு (194ஈ) 10,000 ரூபாய். தனியாகத் தண்டனை குறிக்கப்படாத பொதுவான விதிமீறல்கள் 177ஆம் பிரிவில் வரும். முதல் முறை 500, அடுத்த முறை 1,500. வண்டி ஓட்டியபடி கையில் கைபேசியைப் பிடித்துப் பேசினால் முதல் முறை 1,000 ரூபாய். மறுபடி சிக்கினால் 10,000 ரூபாய்.

இரண்டு பிரிவுகள் ஒரே சலானில் இருந்தால் தொகைகள் கூட்டப்பட்டிருக்கும். உரிமம் இல்லாதவரிடம் வண்டியைக் கொடுத்த உரிமையாளருக்கு 180ஆம் பிரிவின் கீழ்த் தனியாக 5,000 ரூபாய் வரை உண்டு. பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளையிடம் வண்டிச் சாவியைக் கொடுப்பவர்கள் 199ஏ பிரிவை ஒருமுறையாவது படிக்க வேண்டும்: பெற்றோருக்கு அல்லது உரிமையாளருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டுகள் வரை சிறையும், வண்டியின் பதிவு 12 மாதங்களுக்கு ரத்தும், பிள்ளைக்கு 25 வயது வரை உரிமம் கிடைக்காத நிலையும் ஏற்படும்.

நான்காம் படி: சாலையிலேயே முடிகிறதா, நீதிமன்றம் போகிறதா?

சாலையில் நாம் கட்டுவதைப் பேச்சுவழக்கில் அபராதம் என்கிறோம். சட்டப்படி அது இணக்கக் கட்டணம். குற்றத்தை ஒப்புக்கொண்டு கட்டணத்தைச் செலுத்தினால் வழக்கு அங்கேயே முடிகிறது என்று 200ஆம் பிரிவு கூறுகிறது. ஆனால் எல்லாப் பிரிவுகளுக்கும் இந்த வசதி இல்லை. மது அருந்தி ஓட்டியதற்கான 185ஆம் பிரிவு அந்தப் பட்டியலில் இல்லை. இரத்தத்தில் 100 மில்லி லிட்டருக்கு 30 மில்லி கிராமுக்கு மேல் மது இருந்தால் வழக்கு நீதிமன்றத்துக்குத்தான் போகும். முதல் முறைக்கு 10,000 ரூபாய் வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம். அபாயகரமாக ஓட்டுவதற்கான 184ஆம் பிரிவிலும் கைபேசியைக் கையில் பிடித்து ஓட்டியது மட்டுமே இணக்கத்துக்கு உரியது.

பணத்தைக் கட்டுமுன் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொன்று உண்டு. இணக்கக் கட்டணம் செலுத்தி முடித்த விதிமீறலும், பின்னாளில் அதே தவறுக்குச் சிக்கும்போது, “முன்பே ஒருமுறை செய்தது” என்ற கணக்கில் வரும் என்று 2019 திருத்தம் தெளிவாக்கிவிட்டது. ஆகவே நீங்கள் செய்யாத கைபேசி விதிமீறலுக்கு ஆயிரம் ரூபாய்தானே என்று கட்டிவிட்டால், அடுத்த முறை உண்மையாகவே சிக்கும்போது பத்தாயிரம் ரூபாய்க் கணக்கு தொடங்கிவிடும். தவறு உங்களுடையது என்றால் தயங்காமல் கட்டுங்கள். உங்களுடையது இல்லை என்றால் தொகை சிறியது என்பதற்காகக் கட்டாதீர்கள் என்பதே என் கருத்து.

ஐந்தாம் படி: கட்டுவது என்று முடிவெடுத்தால்

பரிவாஹன் இணையதளத்தில் சலானைத் தேடி, அதன் அருகே உள்ள பணம் செலுத்தும் பொத்தானை அழுத்தி, ஓ.டி.பி. கொடுத்து, வங்கி அட்டை, யு.பி.ஐ., இணைய வங்கி ஆகியவற்றில் ஒன்றின் மூலம் கட்டலாம். சாலையில் நிறுத்தப்பட்டவர்கள் காவலரிடம் உள்ள கருவியில் அட்டையைத் தேய்த்தும் கட்டலாம். சென்னையில் 2018 மே மாதத்திலேயே ரொக்கமில்லா வசூல் முறை வந்துவிட்டது. ரசீது இல்லாமல் யாரிடமும் ரொக்கம் கொடுக்காதீர்கள். வங்கிக் கணக்கில் பணம் கழிந்தும் சலான் நிலுவை என்றே காட்டினால், உடனே இரண்டாம் முறை கட்டாமல், பரிவர்த்தனை எண்ணைக் கொண்டு அதே தளத்தில் நிலையைச் சரிபார்க்கும் வசதியைப் பயன்படுத்துங்கள்.

தெலங்கானா 2022லும் கர்நாடகம் 2023லும் நிலுவைச் சலான்களுக்குத் தள்ளுபடி அளித்தன. அந்தப் பழைய செய்திகளை ‘தமிழ்நாட்டில் பாதி கட்டினால் போதும்’ என்று மாற்றி யாரோ அனுப்பினால், அரசின் அறிவிப்பைப் பார்க்காமல் நம்ப வேண்டாம்.

ஆறாம் படி: மறுப்பது என்று முடிவெடுத்தால்

மறுப்புக்கு உணர்ச்சி உதவாது, ஆவணம் உதவும். இன்சூரன்ஸ் இல்லை என்று சலான் வந்திருந்தால், அந்தக் குறிப்பிட்ட நாளில் செல்லுபடியாக இருந்த பாலிசியின் நகல் போதுமானது. காப்பீட்டு நிறுவனம் விவரத்தை அரசின் வாஹன் தரவுத்தளத்தில் ஏற்றத் தவறினால் இந்தப் பிழை வரும். ஆவணங்களைக் கையில் வைத்திருக்கவில்லை என்பது வேறு, ஆவணமே இல்லை என்பது வேறு. டிஜிலாக்கரிலோ எம்-பரிவாஹன் செயலியிலோ உள்ள உரிமமும் ஆர்.சி.யும் அசலுக்கு இணையாக ஏற்கப்பட வேண்டியவை. வழிகாட்டும் வரைபடத்துக்காகக் கைபேசியைத் தாங்கியில் பொருத்தியிருந்தீர்கள் என்றால், ஓட்டுபவரின் கவனம் சிதறாதவாறு அவ்வாறு பயன்படுத்த 2020 அக்டோபர் முதல் விதிகள் இடம் தருகின்றன என்பதைச் சுட்டலாம்.

மிகவும் சிக்கலானது, விற்ற வண்டிக்கு வரும் சலான். வாங்கியவர் பெயருக்கு ஆர்.சி. மாறாதவரை, பதிவேட்டில் உங்கள் பெயரே உரிமையாளராக நிற்கும். விற்றவர் 14 நாட்களுக்குள்ளும் வாங்கியவர் 30 நாட்களுக்குள்ளும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 50ஆம் பிரிவு. பதிவேட்டில் பெயர் உள்ளவரே உரிமையாளர் என்று விபத்து இழப்பீட்டு வழக்கு ஒன்றில் 2018இல் உச்ச நீதிமன்றமும் கூறியிருக்கிறது. விற்பனைக் கடிதம், படிவம் 29இன் (உரிமை மாற்றத்தைத் தெரிவிக்கும் படிவம்) நகல், வாங்கியவரின் அடையாள நகல் ஆகியவை உங்களிடம் இருந்தால் அவற்றோடு மறுப்பு எழுதுங்கள். வண்டியை வேறொருவர் ஓட்டியிருந்து, காவல்துறை கேட்டால், ஓட்டியவர் யார் என்பதை உரிமையாளர் தெரிவிக்க வேண்டும் என்று 133ஆம் பிரிவு கட்டாயப்படுத்துகிறது.

புகாரை இ-சலான் தளத்தின் குறைதீர்ப்புப் பகுதியில் பதிவு செய்யலாம். சலானை வழங்கிய போக்குவரத்துக் காவல் நிலையத்திலும் எழுத்துமூலம் கொடுக்கலாம். நீண்ட கடிதம் தேவையில்லை. இந்த அளவு போதும்:

“ஐயா, மேற்கண்ட எண்ணுள்ள சலானில் காணப்படும் வாகனம் கறுப்பு நிற மோட்டார் சைக்கிள். அதே பதிவு எண்ணில் என் பெயரில் உள்ளது வெள்ளை நிற ஸ்கூட்டர். ஆர்.சி. நகலும் என் வாகனத்தின் முன்பக்க, பின்பக்கப் படங்களும் இணைக்கப்பட்டுள்ளன. எண் தவறாகப் பதிவாகியிருக்கலாம், அல்லது என் எண்ணை வேறொருவர் பயன்படுத்தியிருக்கலாம். சலானை ரத்து செய்து, உரிய விசாரணை மேற்கொள்ள வேண்டுகிறேன்.”

உங்கள் எண்ணை வேறொருவர் பொருத்திக்கொண்டு ஓட்டுகிறார் என்ற சந்தேகம் வலுவாக இருந்தால், சலானை ரத்து செய்வதோடு நிறுத்தாமல் காவல் நிலையத்தில் தனிப் புகாரும் கொடுத்து மனு ரசீது பெறுங்கள். அந்த வண்டி நாளை விபத்தில் சிக்கினால் முதலில் தேடப்படுபவர் நீங்கள்தான்.

ஏழாம் படி: மெய்நிகர் நீதிமன்றம்

கட்டாமல் விடப்பட்ட சலான்கள், இணையம் வழியே நடக்கும் மெய்நிகர் நீதிமன்றத்துக்கு அனுப்பப்படலாம். இதற்கென நீதித்துறையின் தனி இணையதளம் உள்ளது. மாநிலத்தைத் தேர்ந்தெடுத்து, கைபேசி எண், சலான் எண், வாகன எண் ஆகியவற்றில் ஒன்றால் வழக்கைத் தேடலாம். அங்கே இரண்டு தெரிவுகள் இருக்கும்: முன்மொழியப்பட்ட அபராதத்தைச் செலுத்துவது, வழக்கை எதிர்கொள்வது. முதலாவதைத் தேர்ந்து பணம் கட்டினால் வழக்கு முடிகிறது. இரண்டாவதைத் தேர்ந்தால் வழக்கு உரிய எல்லைக்குட்பட்ட வழக்கமான நீதிமன்றத்துக்கு மாற்றப்படும். அங்கே குறித்த நாளில் ஆவணங்களோடு செல்ல வேண்டும். இரண்டாவதை விளையாட்டாக அழுத்திவிட வேண்டாம். வழக்கறிஞர் வைக்க வசதியில்லாதவர்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்கள், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமான வரம்பின்றி அங்கே இலவச உதவி கிடைக்கும்.

எட்டாம் படி: உரிமத்தைப் பற்றிய கடிதம் வந்தால்

பணம் கட்டியாயிற்று என்று நிம்மதியாக இருக்கும்போது வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலிருந்து தனியாக ஓர் அறிவிப்பு வரக்கூடும். தலைக்கவசப் பிரிவான 194டி, அபராதத்தோடு மூன்று மாத உரிமத் தகுதியிழப்பையும் சேர்த்தே சொல்கிறது. சிவப்பு விளக்கை மீறுதல், அதிவேகம், ஓட்டும்போது கைபேசி, சரக்கு வண்டியில் ஆளேற்றுதல் போன்றவற்றுக்கும் 19ஆம் பிரிவின் கீழ் உரிமத்தை இடைநிறுத்த முடியும். ஆனால் அந்தப் பிரிவின்படி உத்தரவிடுவதற்கு முன் உங்கள் தரப்பைச் சொல்ல வாய்ப்பு தர வேண்டும். அறிவிப்பு வருவது அதற்காகத்தான். அதில் குறித்த நாளில் நேரில் சென்று, சலானின் நகலையும், இது முதல் விதிமீறல் என்றால் அதையும், பிழைப்புக்கே ஓட்டுபவர் என்றால் அதற்கான சான்றையும் எழுத்தில் கொடுத்து ஒப்புகை பெறுங்கள். உத்தரவு உங்களுக்கு எதிராக வந்தால், அது கைக்குக் கிடைத்த 30 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். இடைநிறுத்தக் காலத்தில் வண்டி ஓட்டினால் அது புதிய குற்றம். அதற்கான பிரிவு 182, தொகை 10,000 ரூபாய்.